வெயிட்டேஜ் யார் கையில்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகள் சிலவற்றில் கட்டம் போட்ட ஒரு தாளைப் பார்க்கலாம். இடது பக்கம் வேலைவாய்ப்பு, ஆசிரியர்கள், கட்டணம், தூரம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை வெயிட்டேஜ், மொத்தம் 100. மேலே கல்லூரிப் பெயர்கள். பத்துக்கு இத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, பெருக்கி, கூட்டி, எது அதிகமோ அதற்கு ஜே! பொறியியல் கவுன்சலிங் 2018-ல் ஆன்லைனுக்கு மாறியபின், விருப்பப் பட்டியலை வீட்டில் உட்கார்ந்தே வரிசைப்படுத்த வேண்டியிருப்பதால் இந்தத் தாள் நன்றாகவே கைகொடுக்கிறது.

பழைய வித்தைதான். 1772-ல் ஜோசப் ப்ரீஸ்ட்லி (ஆக்ஸிஜன் புகழ்) புதிய வேலை ஒன்றை ஏற்கலாமா என்று குழம்பி, பெஞ்சமின் ஃப்ராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஃப்ராங்க்ளின் கில்லாடி. ஏற்றுக்கொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல், முடிவெடுக்கும் முறையை மட்டும் எழுதினார். தாளை இரண்டாகப் பிரித்து இங்கே சாதகம், அங்கே பாதகம். சம எடையுள்ளவற்றை அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மூன்று நாலு நாள் எடுத்துக்கொள்ளவும் சொன்னார். நாம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிறோம்.

ஒரு கணக்கு போடுவோம். வேலைவாய்ப்பு 40, ஆசிரியர்கள் 30, கட்டணம் 20, தூரம் 10. வெளியூர்க் கல்லூரி இதே வரிசையில் 9, 8, 4, 2 வாங்குகிறது. மொத்தம் 700. உள்ளூர்க் கல்லூரி 6, 6, 7, 10. மொத்தம் 660. வெளியூர் ஜெயித்தது. இப்போது வேலைவாய்ப்பை 30 ஆக்கி, தூரத்தை 20 ஆக்குங்கள். வெளியூர் 630, உள்ளூர் 700! கல்லூரிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு மார்க்கைக்கூட நாம் தொடவில்லை.

இனி கொஞ்சம் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். போன வருஷம் பையனுக்குப் போட்டபோது தூரத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? 5? இந்த வருஷம் பெண்ணுக்கு ஏன் 35? "காலம் கெட்டுக் கிடக்கு சார்" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அவளிடம் நீங்கள் அப்படிச் சொல்வதில்லை. "நானா சொல்றேன்? கணக்கு சொல்லுதும்மா" என்று தாளை நீட்டுகிறீர்கள். பயத்தை பயம் என்று சொன்னால் அவள் உங்களோடு வாதாடலாம். கூட்டல் கணக்கோடு எப்படி வாதாடுவாள்?

கூட்டலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். கட்டணத்தில் 1 மார்க் வாங்கிய கல்லூரி, லேபிலும் ஹாஸ்டலிலும் அள்ளிக்கொண்டு முதலிடத்துக்கு வந்துவிடும். கடன் வட்டியை லேப் கட்டாது. குடும்பத்தால் முடியவே முடியாததை மார்க் போடுவதற்கு முன்பே அடித்துவிடுங்கள்.

தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. கல்லூரிப் பெயர்களை எழுதுமுன் வெயிட்டேஜை மட்டும் எழுதுங்கள். நீங்கள் ஒரு தாளில், படிக்கப்போகிற பிள்ளை இன்னொரு தாளில், ஒருவரையொருவர் பார்க்காமல். பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தூரத்துக்கு அவள் 10 போட்டிருக்க நீங்கள் 35 போட்டிருந்தால், மீதி 25 எதற்கு என்று அவள் கேட்கட்டும். கால்குலேட்டரை அப்புறம் எடுக்கலாம்.