உள்ளே உறங்குபவை

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1971 செப்டம்பரில் பிறந்த டேவிட் வெட்டரை, பிறந்த சில நொடிகளிலேயே கிருமி புகாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தார்கள். நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத பிறவிக் குறை அவனுக்கு. அதே குறையால் அவனுடைய அண்ணன் கைக்குழந்தையாகவே இறந்துபோயிருந்தான். சோறு, சட்டை, பொம்மை எல்லாம் கிருமி நீக்கிய பிறகே உள்ளே போகும். பெற்ற தாய்கூடக் கையுறை வழியாகத்தான் தொட்டார். இப்படிப் பன்னிரண்டு ஆண்டுகள்.

1983 அக்டோபரில், அந்த எதிர்ப்பாற்றலைக் கொடுப்பதற்காக அக்காவின் எலும்பு மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். அந்த மஜ்ஜைக்குள் யாருக்கும் தெரியாமல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. அக்காவை ஒன்றும் செய்யாத அந்த வைரஸ், அடக்க ஆளில்லாத தம்பியின் உடலில் புற்றுக்கட்டிகளாகப் பெருகியது. 1984 பிப்ரவரி 22 அன்று டேவிட் இறந்தான்.

காவல் முழுவதும் வெளியிலிருந்து வரும் கிருமிக்கு. வந்ததோ, உயிர் கொடுக்க வந்ததன் உள்ளேயே இருந்து. இதில் யாரைப் பழிப்பது? அந்த வைரஸ் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களிடமும் இருக்கக்கூடும். சின்னம்மை இறங்கிவிட்டதென்று தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த அம்மையின் வைரஸும் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் படுத்திருந்து, உடல் தளரும் காலத்தில் அக்கியாக எழுகிறது. சைட்டோமெகலோ வைரஸும் அப்படித்தான். மஜ்ஜை மாற்றியவரின் நுரையீரலையும் குடலையும் அது தாக்கும். நோயற்ற உடல் என்றால் துடைத்து வைத்த உடல் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஓர் உடல் யாருக்கும் கிடையாது. உறங்குபவற்றை உறங்கவே வைத்திருக்கும் ஓயாத காவலைத்தான் ஆரோக்கியம் என்கிறோம்.

மஜ்ஜை மாற்றும்போது அந்தக் காவல்தான் கலைகிறது. பழைய மஜ்ஜையை மருந்தால் அழிக்கும்போது, சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. ஐம்பது வயதுக்காரரும் பச்சைக் குழந்தைபோலத் தடுப்பூசிகளை முதலிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு வழக்கமாக இரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும்.

டேவிட் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று உண்டு. உறங்கும் வைரஸ் கண் விழிக்கிறதா என்று வாராவாரம் ரத்தத்தில் பார்க்கிறார்கள். காய்ச்சல் வருமுன்பே மருந்தைத் தொடங்குகிறார்கள். உள்ளே இருப்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து போவது நம் பொறுப்பு. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாகப் போவது, மஜ்ஜை மாற்றியவர்களுக்கு நிமோனியாவாக முடியலாம். ஆர்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்காவிட்டால் உறவு கோபித்துக்கொள்ளும் ஊர் நம்முடையது. கோபித்துக்கொள்ளட்டும். தொண்டை கரகரத்தால் போகாதீர்கள், போனில் பேசுங்கள்.