பிறர் பொருளும் நம் இல்லமும்

2020 மார்ச் 25 அன்று பொதுமுடக்கம் தொடங்கியதை ஒட்டி, சென்னையிலும் பெங்களூரிலும் கணினிப் பணி செய்த இளைஞர் பலர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் திரும்பினர். அலுவலகக் கணினியும் உடன் வந்தது. அன்று தொடங்கிய வீட்டுப்பணி பல இல்லங்களில் இன்றும் தொடர்கிறது. அக்கணினிக்குள் இருப்பவையோ முகமறியா மனிதரின் வங்கிக் கணக்குகள், நோய்க் குறிப்புகள், முகவரிகள். அலுவலகத்தில் காவலரும் பூட்டும் காத்தவற்றை இங்கே காப்பவர் யார்?

லாஸ்ட்பாஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் மக்களின் கடவுச்சொற்களைப் பாதுகாத்துத் தருவது. 2022-இல் அதன் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் திருடர் நுழைந்தனர். படம் பார்க்க வைத்திருந்த மென்பொருளின் பழுதே அவர்களுக்கு வாயிலாயிற்று. அப்பழுதை நீக்கிய பதிப்பு 2020-இலேயே வெளிவந்தும், அக்கணினியில் ஏற்றப்படவில்லை. முக்கியச் சாவிகளைக் கையாளும் உரிமை பெற்ற நால்வருள் அவர் ஒருவர். அவர் தட்டிய கடவுச்சொல் பிறர் கைக்குப் போயிற்று. வாடிக்கையாளரின் விவரப் பெட்டகங்களின் நகல்கள் களவாயின.

இங்கு ஒரு வினா எழுகிறது. எவரையும் ஏமாற்ற எண்ணாதவர் குற்றவாளியா? நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72அ பிரிவு, தீங்கு விளைக்கும் நோக்குடனோ, விளையுமென அறிந்தோ பிறர் விவரத்தை வெளியிடுபவரைத் தண்டிக்கிறது. அசட்டையாக இருந்தவரை அப்பிரிவு தொடுவதில்லை. மனச்சான்று தொடும். செய்தவற்றை மட்டுமன்றி, செய்யத் தவறியவற்றையும் நாம் திருப்பலியின் தொடக்கத்தில் அறிக்கையிடுகிறோம் அன்றோ?

ஆயினும், சுமை முழுவதையும் பணியாளர் தோளில் ஏற்றுவது நீதியன்று. சிறு வீட்டில் பிள்ளையின் பாடமும் தந்தையின் பணியும் ஒரே மேசையில் நடைபெறுகின்றன. தனிக் கணினியும் பயிற்சியும் தருவது நிறுவனத்தின் கடன். அக்கணினியைப் பிள்ளையின் விளையாட்டுக்குக் கொடாமை, கடவுச்சொல்லை உடன்பிறந்தாருக்கும் சொல்லாமை, மென்பொருளைப் புதுப்பித்தல், தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவருக்கு மறுத்தல் ஆகியன பணியாளரின் கடன்.

தவறு நேர்ந்தபின் வரும் சோதனை இன்னும் பெரிது. வேலை போய்விடுமோ என்றஞ்சி மறைக்கத் தோன்றும். இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டுமென இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022-இல் ஆணையிட்டது. பணியாளர் மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்குக் கிடைக்கும் அவகாசம். ஆகவே, உடனே வந்து உண்மை சொல்பவரைத் தண்டியாதிருப்பது நிறுவனத்துக்கு அறமும் ஆகும், அறிவும் ஆகும்.

அடைக்கலமாக வைத்த பொருளை, உரியவர் கேட்கும் நாளில் குறையாமல் தருவதை நம் முன்னோர் நாணயம் என்றனர். இன்றைய அடைக்கலப் பொருளுக்கு உரியவர் கேட்டு வரமாட்டார். அது நம்மிடம் இருப்பதையே அவர் அறியார். சிதம்பரத்தில் ஒரு மாடியறையில் காக்கப்படும் கடவுச்சொல், எங்கோ வாழும் முதியவர் ஒருவரின் ஓய்வூதியத்தைக் காக்கக்கூடும். அவர் நன்றி சொல்லப்போவதில்லை. அதனால் நம் கடமை குறைவதுமில்லை.