பங்குனியில் ஆற்றங்கரைக்கு

பிசான அறுவடை முடிந்து, வயலில் தாள் மட்டும் நிற்கிற மாசிக் கடைசியில் நெல்லைச் சீமைக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. கார் பருவத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. கொடைக்கானலுக்குப் பூப்பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். இந்தச் சமவெளியில் வசந்தம் என்றால் தண்ணீரும் நிழலும்தான்.

அதன் பெருநாள் பங்குனி உத்திரம். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தாவைத் தேடிப் புறப்படும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார், தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார், காரையாற்றுக் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார். சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கப் போன பிள்ளைகள்கூட அந்த ஒரு நாளுக்கு வந்து சேர்வார்கள். பொங்கல் பொங்கிச் சாமி கும்பிட்டதும் பெரியவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். வழியெல்லாம் பதநீர் கிடைக்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதிலேயே நுங்கைக் கீறிப் போட்டுத் தருவார்கள். யாரும் இதைச் சுற்றுலா என்று சொல்வதில்லை. ஆனால் இதைவிட நல்ல சுற்றுலாவை நான் அறியேன். சாஸ்தா கோவில்கள் பலவும் சுனையோரத்திலும் ஓடையோரத்திலும் குளக்கரையிலும் இருப்பதில் முன்னோரின் எண்ணம் ஒன்று இருப்பதாகவே படுகிறது. சாமியைப் பார்க்கப் போகிற சாக்கில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு நீர்நிலையைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வருகிறோம்.

தூரம் போக முடியாதவர்களுக்கு நெல்லை வண்ணார்பேட்டையிலேயே இடம் உண்டு. செல்லப்பாண்டியன் சிலையைச் சுற்றி வரும் பஸ்களின் இரைச்சலையும், புறவழிச்சாலையின் கடை விளக்குகளையும் விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் பேராத்துச் செல்வி அம்மன் கோவில், அதை ஒட்டி ஆறு. பங்குனியில் தாமிரபரணி மெலிந்து ஓடும். பாறைகள் வெளியே தெரியும். காலை நீட்டி உட்கார்ந்தால் மீன்குஞ்சுகள் வந்து கடிக்கும். ஆற்றின் மேற்போக்கில் மறுகரையை ஒட்டிக் குறுக்குத்துறை முருகன் கோவில், ஆற்றுக்குள்ளேயே கட்டியது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். 2023 டிசம்பரில் அந்தக் கோவில் முங்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், அதன் மண்டபத்தில் சாயங்காலக் காற்று வாங்கிப் பார்க்க வேண்டும். ஆற்றின் மேல் பயமும் பாசமும் ஒன்றாக வரும். காசு கொடுத்து வாங்க முடியாத அனுபவம் அது. வாசலில் டிக்கெட்டும் கிடையாது.

கொக்கிரகுளத்தில் அறிவியல் மையம் இருக்கிறது. பிள்ளைகள் அங்கே துள்ளுவார்கள். அதன் பக்கத்தில்தான் 1843இல் சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக் கொடுத்த பாலம். அதற்கு முன்பு பாளையங்கோட்டைக்காரர் நெல்லைக்குப் போகப் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். பெரிய மனிதர், பெரிய தர்மம். ஆனாலும் தண்ணீரைத் தொடாமலே ஆற்றைக் கடந்துவிடலாம் என்று ஆனது அன்றுதான். இன்றைக்குப் பாலத்தின் மேல் போகிற பஸ்ஸில் ஆற்றை எட்டிப் பார்க்கிற தலைகள் குறைவு.

கீழே சாக்கடை கலக்கிறது. ஆறு அழுக்கானதால் சனங்கள் வருவதை நிறுத்தினார்களா, வருவதை நிறுத்தியதால் அழுக்கானதா? இரண்டும் நடந்திருக்கும். ஆனால் பின்னதுதான் முதலில் நடந்தது என்று நான் நம்புகிறேன். ஆச்சிமார் குளிக்கிற துறையில் ஒருவன் குப்பைக் கூடையோடு வந்து நின்றுவிட முடியாது. “எலேய், குடிக்கிற தண்ணியில என்னல கொட்டுத?” என்ற ஒரு குரல் போதும். துறையில் ஆள் இல்லாமல் போனபோது அந்தக் குரலும் இல்லாமல் போயிற்று.

ஆள் இருந்து பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்குக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர். இந்தப் பருவத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தினமும் கண்ணால் பார்த்து மகிழ்கிற உயிருக்காக அவர்கள் அதை விட்டுக் கொடுத்தார்கள். தாமிரபரணியிலும் அப்படித்தான். அதில் மணல் அள்ள 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. அந்த வழக்கைத் தொடுத்த இரா. நல்லகண்ணு இதே ஆற்றங்கரை ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். சட்டமும் தீர்ப்பும் வேண்டும்தான். ஆனால் காக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டப் புத்தகத்திலிருந்து வருவதில்லை. ஒரு காலத்தில் அங்கே சந்தோஷமாக இருந்தவருக்குத்தான் அது வருகிறது. ஆற்றில் விளையாடுவதைப் பொழுதுபோக்கு என்றும், ஆற்றைக் காப்பதைக் கடமை என்றும் பிரித்து வைத்தோம். இரண்டும் ஒன்றே.

சந்தோஷம் மட்டுமல்ல, துக்கமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று, கூலிக்காகப் போராடிய மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோடு ஊர்வலமாக வந்தவர்கள் மீது கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தி, அவர்களை ஆற்றுக்குள் விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் செத்துப் போனார்கள். வருடாவருடம் அந்த நாளில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள். கரைக்கே வராத ஊரில் அந்தப் பதினேழு பேரையும் எங்கே நின்று நினைப்பது?

சித்ரா பௌர்ணமிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இந்த வருடம் உங்கள் வீட்டிலும் போங்கள். முன்போல மணல் இல்லை, பாறையில்தான் உட்கார வேண்டும். தாத்தாவையும் ஆச்சியையும் கூட்டிப் போங்கள், எந்தத் துறையில் யார் நீந்தப் பழகினார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். சாப்பிட்ட இலையை மட்டும் கையோடு திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.