பூட்டு யாரிடம் இருக்க வேண்டும்?

போன மாதம் என்னுடைய பழைய இ-ரீடரின் பேட்டரி ஒரேயடியாகப் போய்விட்டது. புதுசு வாங்கணும். கிண்டிலா, கோபோவா? நண்பர்களிடம் கேட்டால் திரை, எடை, வெளிச்சம், விலை என்று பேசுகிறார்கள். நான் தயங்குவது வேறொரு காரணத்துக்காக.

எனக்கு எளாவூர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. நல்ல புத்தகக் கடை என்றால் சென்னைக்குத்தான் போகணும். அதனால் அந்தச் சின்னக் கருவிதான் எனக்குக் கடை, அலமாரி இரண்டும். சூளூர்பேட்டை ரயிலுக்காகக் காத்து நிற்கிற நேரத்துக்குள் ஒரு நாவல் வந்து இறங்கிவிடும்.

அது உயிரோடு இருந்தபோது, கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, நீங்க சொன்னீங்களே அந்த நாவல், கொடுத்தா படிச்சிட்டுத் தர்றேன்." சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அதை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்க வழியில்லை. கருவியையே கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தான். "பாதிதான் படிச்சேன் அண்ணா. நீங்க கோடு போட்ட இடமெல்லாம் தெரியுது. ஆள் இல்லாத நேரத்துல உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு."

புத்தகம் கேட்டவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

காகிதப் புத்தகத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பிரதிகளை வெளியிடும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிற நம் 1957 பதிப்புரிமைச் சட்டம், ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை அந்த உரிமையிலிருந்து விலக்கிவைக்கிறது. வாங்கிய பிரதியை இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், மகளுக்கு விட்டுச் செல்லலாம். மின்நூலில் பெரும்பாலும் நாம் பெறுவது படிக்கும் அனுமதி மட்டும்தான். 2009 ஜூலையில் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் சேர்ந்து மறைந்தன. அங்கேயும் பணம் திரும்ப வந்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியைக் கிண்டில் நிறுத்தியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கோபோதான் சரி என்று தோன்றும். இபப் கோப்பை நேரடியாகப் போட்டுப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இருக்கின்றன. கல்கி முதல் எத்தனையோ பேரின் நாட்டுடைமையான எழுத்துகள் இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் நூல்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தயக்கமின்றிப் பகிரலாம். ஆனால் கோபோ கடையிலும் பூட்டிய நூல்கள் உண்டு. நான் தேடுகிற புதிய தமிழ் நாவல்களில் பெரும்பாலானவை அங்கே கிடைப்பதும் இல்லை. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரில் வந்தன. பதிப்பகம் கிடைக்காத புதியவர்கள் பலர் தங்கள் முதல் நூலை அங்கேதான் வெளியிட்டார்கள். ஆக, இறந்தவர்களைச் சுதந்திரமாகப் படிக்க ஒரு கருவி, உயிரோடு இருப்பவர்களை அனுமதியோடு படிக்க இன்னொரு கருவி என்று ஆகிவிடுகிறது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளணும். அன்று என்னிடம் பூட்டில்லாத கோப்பு இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தம்பிக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டிருப்பேன். அவன் ரூம்மேட்டுக்கு அனுப்பியிருப்பான், அங்கிருந்து ஏதாவது ஒரு டெலிகிராம் குழுவுக்குப் போயிருக்கும். காகிதத்தை இரவல் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை என் அலமாரியில் ஓர் இடைவெளி இருக்கும். இரவல் என்ற சொல்லுக்குப் பொருள் தருவதே அந்த இடைவெளிதான். கோப்பை அனுப்பினால் என்னிடம் எதுவும் குறையாது. குறைவது எழுதியவருக்கு. அடுத்தவர் செலவில் நான் தாராளமாக இருந்துவிட்டு, அதற்கு வாசிப்பைப் பரப்புவது என்று பெயரும் வைத்துக்கொள்வேன்.

எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடி இருக்கிறது. ஆந்திராப் பக்கம் போகிற, வருகிற லாரிகளை அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்கி வருகிறவரை யாரும் மறிப்பதில்லை. மின்நூலின் பூட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கடத்தல் லாரியையும் சர்க்கரை டம்ளரையும் அது ஒன்றாகத்தான் நிறுத்தும். அதனால் பூட்டு அநியாயமானது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, என் கையில் லாரி இல்லாதவரைக்கும்தான்.

ஆக, இந்த இரண்டு கருவிகளுக்கிடையே நான் தேர்ந்தெடுப்பது நேர்மையை எங்கே வைப்பது என்பதை. ஒன்றில் அது பெரும்பாலும் இயந்திரத்தின் பொறுப்பு. நான் யோசிக்கவே வேண்டாம். இன்னொன்றில் பூட்டு நானாக இருக்கணும், ஒவ்வொரு முறையும். இரண்டாவதுதான் கஷ்டம். எத்தனையோ நாள் தோற்றும் போவேன். ஆனாலும் திருட வாய்ப்பே இல்லாத இடத்தில் திருடாமல் இருப்பதை ஒரு குணம் என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் கோபோ சொல்லியிருக்கிறேன். கிண்டிலில் மட்டும் கிடைக்கிற தமிழ் நூல்களைக் காசு கொடுத்து வாங்கி, போனில் உள்ள செயலியிலேயே படிப்பேன். அவற்றை யாராவது கேட்டால், முடிந்தால் இன்னொரு பிரதி வாங்கித் தருவேன். எல்லா மாதமும் முடியாது.

தம்பிக்கு அந்த நாவலின் காகிதப் பிரதியை வாங்கிக் கொடுத்தேன். படித்து முடித்தவன் ரூம்மேட்டுக்குக் கொடுத்தான். ரூம்மேட் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போய்விட்டானாம். "வாங்கித் தரட்டுமா அண்ணா?" என்று கேட்டான்.

வேண்டாம், படிக்கட்டும் என்றேன்.