போர்ச்செய்தியில் ‘விழுதலும்’ ‘வீழ்தலும்’

‘விழு’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. பழம் விழுவதற்குப் பறிப்பவன் வேண்டுவதில்லை. காம்பு இற்றாலே போதும். இவ்வினை போர்ச்செய்தியுள் புகும்போது இரண்டாகப் பிரிகிறது. ‘குண்டு விழுந்தது’ என்பது நேர்பொருள். ‘நகரம் வீழ்ந்தது’ என்பது உருவகம். இன்றைய உரைநடை முன்னதற்குக் குறிலையும் பின்னதற்கு நெடிலையும் பெரும்பாலும் ஒதுக்கிக்கொண்டுள்ளது. (குறளின் காமத்துப்பாலில் ‘வீழ்தல்’ விரும்புதலைக் குறித்தமை செய்தித்தாளுக்குத் தொலைவானது.)

நேர்பொருள் வழக்கு என்பதனாலேயே முதலாவது குற்றமற்றதாகக் கொள்ளப்படுகிறது. ‘மருத்துவமனைமீது குண்டு விழுந்தது’ என்னும் தொடரில் பொய் இல்லைதான். ஆயினும் எழுவாயிடத்தில் குண்டே நிற்பதால், எறிந்தவன் யார் என்னும் வினா எழாமற் போகிறது. இதனை எப்போதும் கரவு எனல் பொருந்தாது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது, இருளில் நின்ற ஒருவர் ‘குண்டு விழுந்தது’ என்றிருந்தால் அது நேர்மையே. அவர் அறிந்தது அவ்வளவே. எறிந்தது ஜெர்மானியக் கப்பலான எம்டன் எனத் தெரிந்தபின் மக்கள் வழக்கு அப்பெயரை விடவில்லை. சூழ்ச்சித்திறம் மிக்கவனை ‘எம்டன்’ எனச் சுட்டுமளவிற்கு அது நிலைத்தது. வினைமுதல் தெரிந்த பின்னும் ‘விழுந்தது’ என்றே எழுதுவதில்தான் அறச்சிக்கல் தொடங்குகிறது.

இதனைத் தகுதி வழக்குள் அடக்கலாமா எனின், இயலாது. ‘துஞ்சினார்’ என்னும் மங்கல வழக்கைக் கேட்பவர் இறப்பை அறிகிறார். சொல்லின் கடுமை மட்டுமே குறைகிறது. ‘விழுந்தது’ என்பதிலோ செய்தியே குறைகிறது. தலைப்பில் இடமில்லை என்பாரும் உளர். ‘ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்தது’ என்பதற்குக் கூடுதலாக வேண்டுவது ஒரு சொல்லே.

உருவக வழக்கில் சிக்கல் வேறு வகையினது. ‘சைகோன் வீழ்ந்தது’ என்று 1975 ஏப்ரல் 30 நிகழ்வை ஒரு சாரார் குறிக்க, வியட்நாம் அரசு அதனை விடுதலை என்கிறது. ‘வீழ்ச்சி’ நடுநிலைச் சொல்போல் தோன்றினும் தோற்றவர் பக்கம் நின்று பேசுகிறது. பழைய புறத்திணை மரபு இதனினும் வெளிப்படையானது. தொல்காப்பியம் உழிஞையை அரணை முற்றுதல், கொள்ளுதல் என்னும் வினைகளால் விளக்குகிறது. காப்போர்க்குப் பின்னை மரபு நொச்சியைத் தனித்திணையாக்கியது. எவர் பக்கம் நின்று பாடப்படுகிறது என்பதைச் சூடிய பூவே காட்டிவிடும்.

மேலும், ‘நகரம்’ என்பது இங்கு இடவாகுபெயர். 1942 பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தவர் பெர்சிவல்; அவருடன் ஏறத்தாழ 80,000 படையினர். நகர மக்கள் எவரிடமும் எதனையும் ஒப்புவிக்கவில்லை. ஆயினும் ஆகுபெயர் அவர்களையும் சேர்த்தே ‘வீழ்த்தி’, செய்தியை முற்றுப்புள்ளியிட்டு முடித்துவிடுகிறது. சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்றது அதன்பின் வந்த நாள்களில். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுசென்றது அதற்கும் பின்னர்.