நிலவறைப் புட்டிகள்

தாமஸ் ஆல்வா எடிசன் (1847–1931) பள்ளியில் படித்தது சில மாதங்களே. மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரான் நகரில், முன்பு ஆசிரியையாக இருந்த தாய் நான்சி மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். ரிச்சர்ட் பார்க்கரின் அறிவியல் நூலில் இருந்த சோதனைகளைச் சிறுவன் செய்து பார்த்தான். நிலவறையில் அடுக்கிய ரசாயனப் புட்டிகளைப் பிறர் தொடாதிருக்க, அவற்றில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டினான். பின்னர் ரயிலில் செய்தித்தாள் விற்றபோது, சரக்குப் பெட்டியில் வைத்திருந்த பாஸ்பரஸ் கீழே விழுந்து தீப்பற்றியது. ரயிலில் அவன் வைத்திருந்த ஆய்வுக்கூடம் பறிபோனது. வீட்டில் சோதனைகள் தொடர்ந்தன.

வீட்டில் கற்கும் குழந்தைக்குச் சமையலறையும் முற்றமும் வகுப்பறைகளே. அங்கே பால் கொட்டும், கண்ணாடி உடையும். சிந்திய பாலைத் தானே துடைக்கும் குழந்தைக்கு, ஒரு டம்ளர் பால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதும் தெரிந்துவிடுகிறது. நெருப்பும் அமிலமும் பெரியவர்களின் கண்பார்வையில் இருக்க வேண்டும். மற்ற சிறு தவறுகளுக்குத் திட்டு தேவையில்லை. திட்டுக்குப் பயந்த குழந்தை உடைந்ததை மறைக்கும், பயமில்லாத குழந்தை அது ஏன் உடைந்தது என்று கேட்கும்.