செஞ்சோற்றுக் கடனும் முகப்பரு மருந்தும்

ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொடுத்து ஒரு டாக்டரை வாங்கிவிட முடியுமா? யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். டாக்டரைக் கேட்டால் கோபப்படுவார். அத்தனை வருஷம் படித்து, ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் நின்று வந்தவர், இருபது டாலர் சாண்ட்விச்சுக்கா மனசை விற்பார்?

2016-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தச் சாண்ட்விச்சைத்தான் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 279,669 மருத்துவர்கள் எழுதிய மருந்துச் சீட்டுகளையும், நான்கு மருந்துகளின் விளம்பரத்துக்காக நிறுவனங்கள் அவர்களுக்குக் கொடுத்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கொடுத்ததில் 95 விழுக்காடு சாப்பாடு. சராசரி விலை 20 டாலருக்கும் கீழே. ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்கள்கூட, சாப்பிடாதவர்களைவிட அந்த மருந்தைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக் கூட, எழுதுவதும் கூடியது. இது தொடர்பை மட்டுமே காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை என்று ஆய்வாளர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த மருந்தை ஏற்கெனவே விரும்புகிறவர்தான் அந்த விருந்துக்குப் போகிறாரோ என்னவோ. நியாயமான சந்தேகம்தான். ஆனால் நிறுவனங்கள் வருஷா வருஷம் அந்தச் சாப்பாட்டு பில்லைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. கணக்குத் தெரியாத ஆட்கள் இல்லை அவர்கள்.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் நாம் ‘லஞ்சம்’ என்ற சொல்லுக்குப் போய்விடுகிறோம். அது வசதியான சொல். லஞ்சம் வாங்குகிறவன் கெட்டவன். நம்ம டாக்டர் நல்லவர். ஆகவே நம்ம டாக்டர் வாங்கவில்லை. பேச்சு முடிந்தது. எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது வேறொரு சொல்: செஞ்சோற்றுக் கடன்.

கர்ணனை நினைத்துப் பாருங்கள், கும்பகர்ணனை நினைத்துப் பாருங்கள். தான் நிற்கும் பக்கம் தவறான பக்கம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே நின்றார்கள், சோறு போட்டவனுக்காக. நாம் அவர்களை வெறுப்பதில்லை, அவர்களுக்காக அழுகிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பாட்டி சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, சாப்பிட்டுவிட்டு மறக்கிறவன்தான் கேவலமானவன். நன்றி உணர்வு ஒரு குறைபாடு என்று எந்த நீதி நூலும் நமக்குச் சொல்லவில்லை. ஆகவே ஒரு நல்ல மனிதரை அசைக்க லஞ்சத்தைவிட விருந்து வலுவானது. லஞ்சம் அவருடைய கெட்ட பக்கத்தைத் தேட வேண்டும், அது இல்லாமலும் போகலாம். விருந்து அவருடைய நல்ல பக்கத்தோடு நேராகப் பேசுகிறது.

லஞ்சம் வாங்கியவனுக்குத் தான் எதை விற்றோம் என்று தெரியும். கடன்பட்டவருக்கு அதுகூடத் தெரிவதில்லை. 2001-இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், நிறுவனங்களின் விளம்பரம் தங்களைப் பாதிப்பதில்லை என்று 61 விழுக்காட்டினர் சொன்னார்கள். மற்ற மருத்துவர்களும் அப்படித்தானா என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் 16 விழுக்காடு. எல்லாரும் வழுக்கும் தரை, என் செருப்பு மட்டும் வழுக்காது. இதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளிருந்து பார்க்கும்போது செருப்பு உண்மையிலேயே வழுக்காததுபோலத்தான் இருக்கும்.

கர்ணன் கதையில் நாம் அழுகிற அழுகையில் கவனிக்காமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. கடன் அவனுக்கும் துரியோதனனுக்கும் இடையில். அதை அடைத்தது யார்? கடோத்கஜனும் அபிமன்யுவும்; தம்பிகளின் பிள்ளைகள். அந்தச் சோற்றில் ஒரு பருக்கைகூட அவர்கள் தின்றதில்லை. நன்றிக்கடன் இரண்டு பேருக்குள் இருக்கும்வரை அழகுதான். மூன்றாவது ஆளின் கணக்கிலிருந்து அடைக்கப்படும்போது அதற்கு என்ன பெயர் வைப்பது?

மூன்றாவது ஆள் முகப்பருவோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

தோலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாரடைப்புக்கு மருந்து எழுதும் டாக்டர் தவறினால் சீக்கிரமே தெரிந்துவிடும். தோல் அப்படியில்லை. முகப்பருவுக்கான மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பரு தானாகவும் குறையும், தானாகவும் கூடும். பென்சாயில் பெராக்சைடு, டிரெட்டினோயின் மாதிரியான பழைய, விலை குறைந்த மருந்துகளும் இருக்கின்றன. அதையே கலந்து, புதுக் குழாயில் அடைத்து, புதுப் பெயரில் பல மடங்கு விலைக்கு விற்பதும் இருக்கிறது. எது எழுதினாலும் ஓரளவு பலன் கிடைக்கும். எங்கள் தொழிலில் இதை ஃபீட்பேக் இல்லாத சிஸ்டம் என்போம். பிழை உள்ளே போகும், வெளியே அடையாளமே இருக்காது. டாக்டரின் மனசு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நூல் சாய்ந்தால், அதைக் கண்டுபிடிக்க நோயாளிக்கு வழியே கிடையாது.

2014-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று ஜாமா டெர்மடாலஜியில் வந்திருக்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 8,333 பேருக்கு அந்த ஒரே ஆண்டில் நிறுவனங்களிடமிருந்து போனது 34 மில்லியன் டாலருக்கும் மேல். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் அதில் 90 விழுக்காடு போனது முதல் பத்து விழுக்காட்டினருக்கு. நடுவில் நிற்கும் டாக்டரைப் பிடித்துக் கேட்டால், ஆண்டு முழுக்க அவருக்குக் கிடைத்தது 298 டாலர். மேடையில் பேசுகிற, ஆலோசனை சொல்கிற சிலருக்குப் பெருந்தொகை. மிச்சப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு. கோபப்படுவதற்கு அந்தச் சிலர் வசதியானவர்கள். எனக்கென்னவோ அந்த 298 டாலர்காரர்தான் சுவாரசியமானவராகத் தெரிகிறார். அவர்தான் நம்ம டாக்டர்.

சாம்பிள் மருந்தின் கதை இன்னும் நுட்பம். நிறுவனம் டாக்டருக்கு இலவசக் குழாய்கள் கொடுக்கிறது. டாக்டர் அதைத் தனக்கு வைத்துக்கொள்வதில்லை, நோயாளிக்குச் சும்மா கொடுக்கிறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? “ரொம்ப நல்ல டாக்டர், மருந்தே சும்மா குடுத்தாரு.” ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒப்பீடு இது: முகப்பருவுக்காக ஒரு முறை டாக்டரைப் பார்த்தால் எழுதப்படும் மருந்துகளின் சராசரி விலை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 465 டாலர். சாம்பிள் வாங்குவதையே தடை செய்துவிட்ட ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 200 டாலர். இலவசக் குழாய் தீர்ந்ததும் அதே பெயரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதையில் வில்லனைத் தேடினால் கிடைக்கமாட்டார். டாக்டர் இரக்கத்தோடுதான் கொடுத்தார், நோயாளி நன்றியோடுதான் வாங்கினார்.

சரி, என்ன செய்வது? அமெரிக்கா கண்டுபிடித்த பதில், வெளிச்சம். 2010-இல் அவர்கள் நிறைவேற்றிய சட்டத்தின் பெயரே சன்ஷைன் சட்டம். மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தன என்று அரசுக்குச் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரிலிருந்து ஓபன் பேமென்ட்ஸ் என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். சாம்பிள்கள் அதில் வராது. மருந்துச் சீட்டு தேவைப்படாத க்ரீம்களை மட்டும் தயாரிக்கும் நிறுவனமும் அந்த வலையில் மாட்டாது. ‘தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது’ என்று அட்டையில் போட்டு வாட்சன்ஸில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை அந்த ரகம். அந்த வாசகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்றால், அதையே முதலாக வைத்து வளர்ந்த செராவே, இன்னும் இரண்டு சின்ன பிராண்டுகளோடு சேர்த்து 2017-இல் லோரியலுக்கு 1.3 பில்லியன் டாலருக்குக் கைமாறியது.

வெளிச்சம் நல்லதுதான், எதிர்க்கவில்லை. ஆனால் வெளிச்சம் போட்டால் நம்பிக்கை வந்துவிடும் என்ற கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஒரு தராசு எப்போதும் 200 கிராம் கூடக் காட்டும் என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். அறிவிக்கப்பட்ட பிழை, பாதி திருத்தப்பட்ட பிழை. டாக்டர் விஷயத்தில் நமக்குக் கிடைப்பது, “இந்தத் தராசில் பிழை இருக்கலாம்” என்ற அறிவிப்பு மட்டும். எவ்வளவு, எந்தப் பக்கம், என் முகத்துக்கு எழுதிய இந்தக் குறிப்பிட்ட மருந்தில் இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் எதைக் கழிப்பது?

2005-இல் கேன், லோவன்ஸ்டீன், மூர் என்ற மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கண்ணாடிச் சாடியில் சில்லறைக் காசு. தூரத்திலிருந்து பார்ப்பவர் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். கிட்டே நின்று பார்த்தவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். சிக்கல் என்னவென்றால், ஊகம் எவ்வளவு உயரமோ ஆலோசகருக்கு அவ்வளவு கூலி. இந்த ஏற்பாட்டைச் சிலருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் ஆலோசகர்கள் இன்னும் அதிகமாக ஏற்றிச் சொன்னார்கள். ‘அதான் முன்னாடியே சொல்லிட்டோம்ல’ என்ற நிம்மதி. கேட்டவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், போதுமான அளவு குறைக்கவில்லை. கடைசியில், உண்மை தெரிந்தவர்களே அதிகம் ஏமாந்தார்கள்.

பிறகு சுனிதா சாஹ் கண்டது இன்னும் சங்கடமானது. ஆலோசகர் தன் லாபத்தைச் சொன்னபின் கேட்பவருக்கு அந்த ஆலோசனைமேல் நம்பிக்கை குறைகிறது. ஆனால் அதை ஏற்க வேண்டும் என்ற அழுத்தம் கூடுகிறது. மறுத்தால், “நீ காசுக்காகச் சொல்றே” என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். நம்மில் யாருக்கு அது வாய் வரும்? “டாக்டர் தப்பா நெனச்சுக்குவாரு” என்று பயந்து, வேண்டாத ஊசியையே போட்டுக்கொண்டு வருகிற கூட்டம் நாம்.

நம்பிக்கை என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தத்துவவாதி அனெட் பேயர் 1986-இல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் வரும். கான்ட் தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போவார், அக்கம்பக்கத்தார் அவரைக் கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் அவர் தூங்கிவிட்டால் அவர்களுக்கு ஏமாற்றம். துரோகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர்கள் அவரைச் சார்ந்திருந்தார்கள், நம்பியிருக்கவில்லை. நம்புவது என்றால், எனக்கு அக்கறையான ஒன்றை, நான் பார்க்க முடியாத இடத்தில், உங்கள் நல்லெண்ணத்திடம் விடுவது. துரோகம் அங்கேதான் சாத்தியம்.

ஓபன் பேமென்ட்ஸ் நம்மைச் சார்ந்திருப்பதற்குப் பழக்குகிறது, நம்புவதற்கு அல்ல. பதிவைப் பார், எடை போடு, முடிவெடு என்கிறது. முடிவெடுக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் டாக்டரிடம் போகிறேன்? எதைப் பற்றி எனக்குத் தெரியாதோ அதை இறக்கி வைக்கத்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இறக்கிய சுமையை, வெளிப்படைத்தன்மை என்ற பெயரில், திரும்பவும் என் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படியானால் யாரையும் நம்பாமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். நம்ம ஊரில் அந்தப் பாதை எங்கே போகிறது என்று பார்க்கலாம். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ அவ்வப்போது அழகு க்ரீம்களின் அனுமதியை ரத்து செய்து பட்டியல் வெளியிடுகிறது. பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு என்று அதற்குள் கிடைப்பவை பயமுறுத்தும். டாக்டர்மேல் சந்தேகம் வந்த பொண்ணு பார்மகாலஜி புத்தகத்தைத் திறப்பதில்லை. டிக்டாக் லைவில் “அக்கா நானே யூஸ் பண்றேன்டா” என்று சொல்கிறவரிடம் போகிறாள். நம் வீடுகளில் மாநிறப் பெண்ணுக்கு இந்தக் க்ரீம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டருக்குச் சாப்பாடு போட்டது நிறுவனம் என்றால், இங்கே விற்கிறவரே நிறுவனம். ஆனாலும் அவளை நம்ப முடிகிறது, அவள் அக்கா என்பதால்.

மலேசியாவில் ஓபன் பேமென்ட்ஸ் மாதிரி ஒரு பொதுப் பதிவேடு இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இங்கே கிளினிக் டாக்டரே மருந்தை எழுதி, அவரே கவுன்டரில் விற்கிறார். சிங்கப்பூரிலும் அப்படித்தான். தோலுக்கு என்று போனால், பல அழகு கிளினிக்குகளில் சொந்தப் பெயர் அச்சிட்ட க்ரீமே அலமாரியில் இருக்கும். நடுவில் மருந்து கம்பெனியின் சாப்பாடுகூடத் தேவையில்லை. இதை டாக்டர்களின் பேராசை என்று முடித்துவிடலாம், ஆனால் கணக்கு அப்படி நிற்கவில்லை. சாதாரண கிளினிக் டாக்டரின் ஆலோசனைக் கட்டணம் 1992-இலிருந்து பல்லாண்டுக் காலம் 10 வெள்ளியிலிருந்து 35 வெள்ளிக்குள்ளேயே நின்றது. கடை வாடகையையும் தாதி சம்பளத்தையும் அந்தக் காசில் கட்ட முடியாது. மருந்துதான் கட்டியது. அந்த 35 வெள்ளியும் நமக்குக் கசந்தது. மருந்தே தராமல், “இதுக்கு ஒண்ணும் வேணாம்மா, முகத்தைக் கிள்ளாம இருங்க” என்று அனுப்பி, பேசியதற்கு மட்டும் காசு வாங்கும் டாக்டரைப் பற்றி வெளியே வந்து என்ன சொல்வோம்? “சும்மா பேசிட்டுக் காசு வாங்கிட்டாரு.”

டாக்டருக்குச் சோறு போடுவது நாம் இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டது நாமும்தான். யாராவது போட வேண்டும். போட்டவரை அவர் நினைப்பார்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அடுத்த வாரமே டாக்டர்கள் புத்ராஜெயாவில் கூடி எதிர்த்தார்கள். அன்று கேலி செய்தவர்கள் நிறைய. நான் விலைப்பட்டியலுக்கு ஆதரவு. அதே சமயம், பட்டியலில் முதல் வரியாக டாக்டரின் நேரத்துக்கான விலை, உண்மையான விலை, இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டு, மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு எந்தப் பார்மசிக்கும் போகும் பழக்கம் நமக்கு வர வேண்டும். கட்டணம் ஏறும்போது முதலில் முணுமுணுக்கப்போவது என் வீட்டில்தான். வெறும் சீட்டோடு திரும்பி வந்தால் அம்மா கேட்பார், “மருந்து எங்கடா?”